சீட்டின் பின்பக்கம்

2012 புரட்டாசியில் சென்னையின் அரசு மருத்துவமனை ஒன்றில் என் அப்பாவுக்குக் காலில் அறுவை சிகிச்சை நடந்தது. பத்தொன்பது நாள் அவர் கட்டிலுக்கடியில் பாய் விரித்துக் கிடந்தேன். நோயாளிக்கு வார்டுக்கே சாப்பாடு வந்துவிடும். கூட இருப்பவருக்கு ஒரு பாஸ் தருவார்கள், அவ்வளவுதான். வெளியே வாங்கச் சொன்ன மருந்து, ஆட்டோ, பேருந்து என்று கையிலிருந்த காசு ஐந்தாம் நாளே கரைந்துவிட்டது. அப்பாவின் தட்டில் மீந்த சோற்றை இரண்டு நாள் சாப்பிட்டேன். அவர் எனக்காகவே மீத்து வைக்கிறார் என்று தெரிந்ததும் அதுவும் இறங்கவில்லை.

பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி திண்டிவனம் பக்கம். ஆறு வாரமாக அங்கேயே இருந்தார். ஒரு நாள் பகல் பதினொரு மணிக்கு என் தோளைத் தட்டி, "வா தம்பி, இன்னிக்கு வியாழன், பாபா கோயில்ல போடுவாங்க. தூக்குவாளி இருந்தா எடுத்துக்க" என்றார். கோயிலுக்குப் போகும் வழியில்தான் அந்தச் சீட்டைக் காட்டினார். கணவருடைய ஓபி சீட்டின் பின்பக்கம். நீலப் பேனாவால் கோடு போட்டு ஏழு கிழமையும் வரிசையாக எழுதியிருந்தது. ஞாயிறு: சர்ச், பகல், பொட்டலம். திங்கள்: பிள்ளையார் கோயில், காலை, பொங்கல், கொஞ்சம்தான். செவ்வாய்: இரண்டாம் கேட், ராத்திரி எட்டு, வெள்ளை வண்டி. வியாழன்: பாபா. வெள்ளி: பள்ளிவாசல் தெரு, தொழுகை முடிஞ்சி. சனி: பெருமாள் கோயில், புரட்டாசி மட்டும். புதன் என்று எழுதி, அதற்கு நேராக ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தார்.

"புதன்கிழமைக்கு என்னக்கா?"

"புதன்கிழமை டீதான்."

பின்னாளில்தான் எனக்குத் தெரிந்தது, அந்த மருத்துவமனையிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு கோயிலில் தினமும் பகலில் அன்னதானம் நடக்கிறது என்று. புதன்கிழமையும் நடக்கும். ஆறு வாரம் புதன்தோறும் டீயோடு கிடந்த அந்த அக்காவுக்கு அது தெரியாது. அவருக்கு யாரும் சொல்லவில்லை. வார்டில் எழுதிப் போட்டிருக்கவில்லை. கோயிலில் எழுதிப் போட்டிருந்தார்கள், ஆனால் கோபுரம் தாண்டி உள்ளே, அன்னக்கூடத்தின் கதவில்.

தமிழ்நாட்டில் இலவசச் சோறு குறைவு என்று நான் சொல்ல மாட்டேன். இந்த மண்ணில் சோறு போடுவது ஒரு பழக்கமாக, ஒரு வைராக்கியமாகவே இருந்து வந்திருக்கிறது. என் குறை வேறு. போடுகிற இடத்துக்கும் பசித்த வயிற்றுக்கும் நடுவே இருக்கிற வழியை நாம் யாருடைய வேலையாகவும் வைக்கவில்லை. தேடிக் கண்டுபிடிக்கும் பாரத்தைப் பசித்தவர் தலையிலேயே வைத்துவிட்டோம். அவரிடம் அதற்கு இருப்பது ஒரு சீட்டின் பின்பக்கம்.

முதலில் இந்தப் பழக்கத்தின் பலத்தைச் சொல்லிவிட வேண்டும். அது உண்மையான பலம். அன்னதானப் பந்தியில் உட்காருகிறவரிடம் யாரும் அட்டை கேட்பதில்லை. ஆதார் கேட்பதில்லை, வருமானச் சான்று கேட்பதில்லை, ஏன் வந்தாய் என்றுகூடக் கேட்பதில்லை. இலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்துச் சோற்றை வைக்கிறார்கள். அங்கே சாப்பிடுகிறவருக்குப் பெயர் ஏழை அல்ல, பக்தர். கிடைப்பதற்குப் பெயர் பிச்சை அல்ல, பிரசாதம். இந்த இரண்டு சொற்களும் எத்தனை பேர் மானத்தைக் காப்பாற்றியிருக்கின்றன என்பதை, தட்டேந்தி நிற்கத் தயங்கிய ஒருவராவது அறிவார். நான் அறிவேன். அன்று பாபா கோயில் பந்தியில் எனக்கு இடப்பக்கம் அந்த அக்கா, வலப்பக்கம் பட்டுப்புடவை கட்டிய ஒரு பாட்டி. காரில் வந்திறங்கியவர். அவருக்கும் எனக்கும் ஒரே கரண்டியால்தான் சாம்பார் ஊற்றினார்கள்.

"பசியே இல்லாதவர்கள்தான் பாதிப்பேர் அன்னதானத்தில் சாப்பிடுகிறார்கள், வீண்" என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது வீணாகத் தெரியவில்லை. அந்தப் பாதிப்பேர் உட்கார்ந்திருப்பதால்தான் மீதிப்பேர் தலைநிமிர்ந்து சாப்பிட முடிகிறது. பசித்தவரை மட்டும் பொறுக்கி உட்காரவைக்கும் பந்தியில், உட்கார்ந்த கணமே ஒருவர் தம் வறுமையை ஊருக்குச் சொன்னதாகிவிடும். தமிழ்நாட்டில் எல்லாக் குடும்ப அட்டைக்கும் பொது விநியோகம் என்ற ஏற்பாட்டிலும் இதே நியாயம்தான் இருக்கிறது. வடிகட்டும்போது வெளியே விழுகிறவர்களில் உண்மையாகவே பசித்தவர்களும் விழுவார்கள்.

இந்த மரபின் உச்சம் வடலூர். 1866 பஞ்சத்தின் சூடு ஆறாத காலத்தில், 1867 மே 23 அன்று வள்ளலார் அங்கே தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்று வரை அணையாமல் எரிந்துகொண்டிருக்கிறது. சாதி, சமயம் பார்க்காமல் மூன்று வேளையும் சோறு. இதில் பலரும் கவனிக்காத ஒன்றுண்டு, அது இடம். கடலூரிலிருந்து விருத்தாசலம் போகிற சாலையும், பண்ருட்டியிலிருந்து சேத்தியாத்தோப்பு வழியாகக் கும்பகோணம் போகிற சாலையும் வெட்டிக்கொள்கிற ஊர் அது. பார்வதிபுரத்து மக்கள் எண்பது காணி நிலம் கொடுத்தார்கள், தருமச்சாலை அங்கே அமைந்தது. நடந்து வருகிறவன் யாரையும் கேட்க வேண்டியதில்லை, எந்த நாள் என்று எண்ண வேண்டியதில்லை. என்றைக்கு, எந்த வேளைக்கு வந்தாலும் அடுப்பு எரியும். அணையா அடுப்பை அருளின் அடையாளமாக மட்டும் பேசுகிறோம். பசித்தவர் பக்கம் நின்று பார்த்தால், அது நம்பகத்தின் அடையாளம். போனால் கிடைக்குமா என்ற சந்தேகத்தோடு காலி வயிறு நடக்க வேண்டியதில்லை.

தஞ்சை மராட்டியர் சத்திரங்களும் இப்படித்தான். இரண்டாம் சரபோஜி 1802இல் ஒரத்தநாட்டில் கட்டிய முத்தாம்பாள் சத்திரம் ராமேசுவரம் போகும் யாத்திரைச் சாலையில் இருந்தது. மன்னருடைய சத்திரங்களில் அந்தக் காலத்துச் சாதி ஒழுங்கு இல்லாமல் இல்லை. பந்தியைப் பிரித்துத்தான் வைத்தார்கள். அந்தக் குறையை மறைத்துக் கொண்டாட எனக்கு விருப்பமில்லை. ஆனால் சாலையே அங்கே விளம்பரப் பலகையாக இருந்தது என்பதை எடுத்துக்கொள்ளலாம். நடக்கிற பாதையில் சோறு இருந்தது.

இன்று சோறு நடக்கிற பாதையில் இல்லை. கொடுப்பவரின் நாள்காட்டியில் இருக்கிறது. அந்த அக்காவின் சீட்டை மறுபடி பாருங்கள். ஒவ்வொரு வரியும் ஒரு சாமியின் கிழமை, ஒரு வேண்டுதலின் தேதி. ஆடியில் அம்மன் கோயில்தோறும் கூழ். புரட்டாசிச் சனிக்கிழமை ஒரே தெருவில் மூன்று இடத்தில் புளியோதரை. பௌர்ணமி, அமாவாசை, குருபூஜை, தலைவர் பிறந்தநாள், தாத்தாவின் திதி. அன்றெல்லாம் ஊர் முழுக்க அண்டா அண்டாவாகச் சோறு. வாங்கியதைத் தின்ன முடியாமல் தொன்னையோடு ஓரத்தில் வைத்துவிட்டுப் போவார்கள். அடுத்த நாள் ஒன்றும் இருக்காது. பசிக்குக் கிழமை தெரியாது, திதியும் தெரியாது. கொடுப்பதைக் கொடுப்பவரின் புண்ணியக் கணக்குக்கு ஏற்ப அடுக்கினால் இப்படித்தான் முடியும். தனித்தனியாக ஒவ்வொருவரும் நல்லவர்கள். எல்லாரையும் சேர்த்துப் பார்த்தால் வாரத்தில் ஒரு புதன்கிழமை விடுபட்டுப்போகிறது. அந்தப் புதன்கிழமையைப் பார்க்கும் இடத்தில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

மணிமேகலையில் ஆபுத்திரன் கதையை நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன். அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி அவன் கையில் இருக்கிறது. மழை பெய்து நாடு செழித்துவிட, அவனிடம் சோறு வாங்க ஆளில்லாமல் போகிறது. பசித்தவர்களைத் தேடிச் சாவக நாட்டுக்குக் கப்பலேறுகிறான். நடுவழியில் மணிபல்லவத் தீவில் இறங்கியவனை விட்டுவிட்டுக் கப்பல் போய்விடுகிறது. கையில் நிறைந்த பாத்திரம், சுற்றிலும் ஆளில்லாத தீவு. அவன் அதைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாமல் உயிர் விடுகிறான். சாத்தனார் இந்த இடத்தில் எழுதியிருப்பது ஒரு துறவியின் கதை மட்டுமல்ல என்று எனக்குத் தோன்றும். உணவு இருப்பதும், பசித்தவர் இருப்பதும், இரண்டும் ஒரே இடத்தில் இல்லாமல் போவதும் எவ்வளவு கொடிய விபத்து என்பதை அவர் கண்டிருக்கிறார். பிறகு அதே பாத்திரத்தை மணிமேகலை எடுத்துக்கொண்டு நடக்கிறாள். புகாரில் ஊரம்பலத்துக்குப் போகிறாள், சிறைக்குள் போகிறாள், பஞ்சம் பட்ட காஞ்சிக்குப் போகிறாள். பாத்திரத்தின் அற்புதத்தைவிட அவள் கால்கள்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகின்றன.

அரசு இந்த மரபைக் கையில் எடுத்துக்கொண்டபோது கிழமைச் சிக்கல் ஓரளவு தீர்ந்தது. 2002 மார்ச்சில் 63 கோயில்களில் தொடங்கிய பகல் அன்னதானத் திட்டம் இன்று எழுநூற்றுக்கும் மேற்பட்ட கோயில்களில் நடக்கிறது. 2012இல் ஸ்ரீரங்கத்திலும் பழனியிலும் நாள் முழுவதும் அன்னதானம் வந்தது. 2021இல் திருச்செந்தூர், சமயபுரம், திருத்தணிக்கு விரிந்தது, பிறகு இன்னும் சில பெரிய கோயில்களுக்கும். நாள்தோறும் நடப்பது என்பதே ஒரு பெரிய மாற்றம். ஆனால் பெரும்பாலான கோயில்களில் அது பகல் ஒரு வேளைதான். எத்தனை பேருக்கு என்று எண்ணிக்கை முன்கூட்டியே முடிவாகியிருக்கும், டோக்கன் தீர்ந்தால் பந்தி தீர்ந்தது. மருத்துவர் வார்டு சுற்றி வரும் நேரமும் டோக்கன் கொடுக்கும் நேரமும் ஒன்றாக இருந்தால், கூட இருப்பவர் எதை விடுவார்? கட்டட வேலைக்குப் போகிறவருக்கு அந்தப் பன்னிரண்டு மணி எட்டவே எட்டாது. நாள் முழுவதும் அன்னதானம் நடக்கிற கோயில்கள் பெரும்பாலும் யாத்திரைத் தலங்கள். பெருநகரத்தில் இரவு ஒன்பது மணிக்குப் பசித்தவருக்கு அவை தூரம்.

கோயில் என்பதே சிலருக்கு ஒரு தடை. சட்டம் எல்லாச் சாதியாரையும் உள்ளே விட்டு வெகுகாலம் ஆகிவிட்டது. ஆனாலும் வாசற்படியில் நின்றுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பாட்டன் காலத்து நினைவு அவர்கள் காலைப் பிடித்துக்கொள்கிறது. வேறு மதத்தவர் தயங்குகிறார். அழுக்கு லுங்கியோடு இருப்பவரைக் காவலாளி ஒரு பார்வை பார்க்கிறார், அந்தப் பார்வை போதும். தரையில் உட்கார முடியாத முழங்கால் இருக்கிறது, சக்கர நாற்காலி இருக்கிறது. இதையெல்லாம் தாண்டும் மனிதர்களும் இருக்கிறார்கள் என்பதற்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். திருவல்லிக்கேணி வாலாஜா பெரிய பள்ளிவாசலில் ரமலான் மாதத்தில் நோன்பு திறக்க, மயிலாப்பூரில் இருக்கும் சிந்தி மக்களின் சூஃபிதார் அமைப்பு பல பத்தாண்டுகளாகச் சமைத்து எடுத்துவந்து பரிமாறி வருகிறது. ஓர் இடத்தில் சமைத்து, பசித்தவர் கூடியிருக்கும் இன்னோர் இடத்துக்கு, அவர்கள் நோன்பு திறக்கும் நேரத்துக்குச் சரியாகக் கொண்டு போகிறார்கள். நாள்காட்டி அங்கே உண்பவருடையது. அதனாலேயே அந்த ஏற்பாடு என் மனத்தில் தனியாக நிற்கிறது.

இனி உரிமையாகக் கிடைப்பவை. 2001இல் தொடுக்கப்பட்ட உணவுரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் பல உணவுத் திட்டங்களைச் சட்டப்படியான உரிமைகளாக்கியது. 2013இல் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தமிழ்நாட்டுக்கு இதில் யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. 1920இல் சென்னை ஆயிரம்விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கிய பகலுணவு, 1956இல் காமராஜர் காலத்தில் மாநிலமெங்கும் பரவி, 1982இல் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவாகி, 2022இல் காலை உணவும் சேர்ந்துகொண்டது. 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி இலவசம். கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் கைக்குழந்தைக்கும் அங்கன்வாடி. முதியோர் ஓய்வூதியம் வாங்குகிறவருக்குத் தனி அரிசி. இவை தானமல்ல, உரிமை. தானம் எதையும் கேட்பதில்லை, ஆனால் நாளைக்கும் உண்டு என்று வாக்குக் கொடுப்பதில்லை. உரிமை நாளைக்கும் உண்டு என்கிறது, ஆனால் அட்டை கேட்கிறது, விரல்ரேகை கேட்கிறது, நிரந்தர முகவரி கேட்கிறது. நடைபாதையில் படுப்பவரிடம் எந்த முகவரி இருக்கும்? வாடகைக்குக் குடிவந்தவருக்கு வீட்டுக்காரர் ஒப்பந்தம் எழுதிக் கொடுக்கிறாரா?

ரேஷன் அரிசியைப் பற்றி இன்னொன்றும் உண்டு. அரிசி சோறு அல்ல. அது சோறாக வேண்டுமானால் அடுப்பு வேண்டும், பாத்திரம் வேண்டும், தண்ணீர் வேண்டும், சமைக்க ஒரு கூரை வேண்டும். மருத்துவமனைத் தாழ்வாரத்தில் இருப்பவருக்கு இருபது கிலோ அரிசியால் அன்றைக்கு ஒரு கவளமும் ஆகாது. 2020 அக்டோபரிலிருந்து வேறு மாநிலத்து அட்டையை வைத்து இங்கே அரிசி வாங்கலாம். அதை ஒடிசாவிலிருந்து வந்து கட்டடத்தில் கம்பி கட்டும் இளைஞரிடம் யார் சொன்னார்கள்? அவர் படிக்கும் எழுத்தில் எத்தனை கடைகளில் எழுதிப் போட்டிருக்கிறது? 2021 ஜூனில் புலம்பெயர்ந்த தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சமூகச் சமையற்கூடங்கள் நடத்தச் சொன்னது. சமையற்கூடம் இருப்பது வேறு, அது இருப்பது தெரிவது வேறு என்பதை நாம் அந்தக் கொரோனா நாட்களிலேயே நெடுஞ்சாலைகளில் பார்த்துவிட்டோம்.

தானத்துக்கும் உரிமைக்கும் நடுவே வந்து நின்றது அம்மா உணவகம். 2013 பிப்ரவரியில் சென்னையில் தொடங்கியது. இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய், தயிர் சாதம் மூன்று ரூபாய், மாலையில் சப்பாத்தி. இலவசம் அல்ல, ஆனாலும் இந்தப் பேச்சில் அதற்கு இடம் உண்டு. அட்டை கேட்காது, கிழமை பார்க்காது, மாநகராட்சி வார்டுகளில் ஒரே மாதிரிப் பலகையோடு இருக்கும். சில அரசு மருத்துவமனை வளாகங்களுக்குள்ளேயே வந்தது. ஐந்து ரூபாய் கொடுத்துச் சாப்பிடுகிறவருக்கு அது கடை, அவர் வாடிக்கையாளர். பக்தர் என்ற சொல் கோயிலில் செய்ததை இங்கே அந்த ஐந்து ரூபாய் செய்கிறது. 2015 வெள்ளத்திலும் 2020 ஊரடங்கிலும் அங்கே இலவசமாகவே போட்டார்கள். ஊர் முழுக்கத் தெரிந்த இடமாக இருந்ததால்தான் ஆபத்து நேரத்தில் யாரும் தேடி அலையவில்லை. ஆட்சிகள் மாறலாம், அந்தப் பலகைகள் மங்கக் கூடாது என்று மனமார விரும்புகிறேன்.

அப்படி ஒரு பலகை அன்னதானத்துக்கும் முடியும். திருவண்ணாமலை கார்த்திகை தீபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கிரிவலப் பாதையில் அன்னதானம் போட விரும்புகிறவர்கள் முன்கூட்டியே உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவுசெய்ய வேண்டும் என்று மாவட்ட நிர்வாகம் ஆண்டுதோறும் அறிவிக்கிறது. எந்த இடம், எந்த நேரம், பிளாஸ்டிக் கூடாது, கிரிவலப் பாதையில் அடுப்பு மூட்டக் கூடாது என்று விதிகள். நல்ல விதிகள்தான். பத்து மணி நேரத்துக்கு முன் வடித்த சோற்றைப் பொட்டலம் கட்டிக் கொடுத்துக் குழந்தைகளை வாந்தியெடுக்க வைக்கிற தானத்தை யாரும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் பாருங்கள், யார் எங்கே எப்போது சோறு போடுகிறார்கள் என்ற முழுக் கணக்கும் அரசிடம் வந்துவிட்டது. கட்டுப்படுத்துவதற்காக வாங்கிய அதே கணக்கை, சாப்பிட வருபவருக்கு ஒரு பலகையாக எழுதி வைத்தால் போதுமே. மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம், வீடற்றோர் காப்பகம் இவற்றைச் சுற்றி நாள்தோறும் சோறு போடுகிறவர்களிடமும் இதே பதிவை வாங்கலாம். வாங்கினால் விடுபட்ட புதன்கிழமை தானாகக் கண்ணில் படும். சனிக்கிழமை மூன்றாவதாகப் புளியோதரை போட வருகிறவரிடம், "ஐயா, புதன்கிழமை ராத்திரி யாருமில்லை, அன்றைக்கு வர முடியுமா?" என்று ஒருவர் கேட்கலாம். கேட்டால் பலர் ஒத்துக்கொள்வார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன். கொடுக்கும் மனம் உள்ளவர்கள் அவர்கள். இதுவரை யாரும் அவர்களிடம் அப்படிக் கேட்டதில்லை.

பசித்தவரைச் சோறு தேடிப் போக வேண்டும் என்று திருப்பிப் போட்டவர்களும் இருக்கிறார்கள். 2014இல் கோவையில் தொடங்கிய 'நோ ஃபுட் வேஸ்ட்' அமைப்பு கல்யாண மண்டபங்களில் மீந்த உணவை எடுத்துக்கொண்டு பசித்தவர் இருக்கும் இடங்களுக்குப் போகிறது. அந்த இடங்களைக் குறித்து வைக்கவும் வழி செய்திருக்கிறது. 2017இல் சென்னை பெசன்ட் நகரில் தெருவோரம் ஒரு குளிர்பெட்டியை வைத்து, ஆத்திசூடியிலிருந்து எடுத்த பெயரை அதற்கு வைத்தார்கள். யார் வேண்டுமானாலும் வைக்கலாம், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். எடுப்பவர் யாருக்கும் முகம் காட்ட வேண்டியதில்லை என்பது இதில் எனக்குப் பிடித்த அம்சம். ஆனால் மீந்த உணவு என்பது மீந்தால்தான் உண்டு. முகூர்த்தம் இல்லாத மார்கழியில் என்ன செய்வது? மண்டபத்தில் கடைசிப் பந்தி முடிந்து சோறு வந்து சேரும்போது இரவு பத்தரை ஆகிவிட்டால், மாத்திரை போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு படுத்துவிட்ட கிழவரை யார் எழுப்புவது? மீதியை வீணாக்காமல் இருப்பது ஒரு நல்ல காரியம், பசியைத் தீர்ப்பது இன்னொரு நல்ல காரியம். முதலாவது நடந்தால் இரண்டாவதும் நடந்துவிட்டதாகக் கணக்கெழுதிவிடக் கூடாது.

வண்டியில் வந்து போடும் சோற்றில் இன்னொரு காட்சி உண்டு. செவ்வாய் இரவு வெள்ளை வண்டி வந்ததும் ஓடியவர்கள் எல்லாரும் ஆண்கள். பெண்கள் மதிலோரம் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். கூட்டத்தில் இடிபட்டு, முட்டி மோதி வாங்க வேண்டும் என்றால் அவர்கள் வருவதில்லை. சிலர் பிள்ளையை அனுப்புவார்கள். அந்த அக்கா மட்டும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே நுழைந்து, தனக்கொன்றும் மதிலோரத்தில் நின்ற மூவருக்கு ஒவ்வொன்றும் வாங்கி வருவார். "நாலு பேருக்கு" என்று அவர் கையைக் காட்டினால் வண்டிக்காரர் கொடுத்துவிடுவார், அவருக்கு அந்த முகம் பழகியிருந்தது. பெண்களுக்கு ஒரு தனி வரிசை போடுவதற்கு ஒரு கயிறுகூட வேண்டாம், ஒரு சொல் போதும்.

செல்போன் கேமராவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பொட்டலத்தை நீட்டிக்கொண்டே ஒருவர் படம் எடுப்பதற்காகக் காத்திருக்க, வாங்குகிறவரும் கையை நீட்டியபடி காத்திருக்கும் அந்தச் சில நொடிகளை நான் பார்த்திருக்கிறேன். அந்த நொடிகளில் பிரசாதம் பிச்சையாகிவிடுகிறது. நன்கொடையாளருக்குக் கணக்குக் காட்ட அண்டாவைப் படம் எடுங்கள், சமைக்கிறவர்களை எடுங்கள். சாப்பிடுகிறவர் முகம் யாருடைய கணக்குக்கும் சொந்தமல்ல.

எண்கள் நம்மிடம் நிறைய இருக்கின்றன. ரேஷன் குறைக்கு 1967, குழந்தைக்கு 1098, முதியவருக்கு 14567, மாநகராட்சிக்கு 1913. "இன்றைக்கு ராத்திரி பக்கத்தில் எங்கே சோறு போடுகிறார்கள்?" என்று கேட்க நினைத்தால் ஊரில் யார் வாயிலும் ஓர் எண் வருவதில்லை. எண் வந்தால் நல்லது. வராவிட்டாலும் அதைவிட எளிதான ஒன்று கையில் இருக்கிறது. ஒவ்வோர் அரசு மருத்துவமனையிலும் ஒவ்வொரு நாளும் ஓபி சீட்டு எழுதுகிறார்கள், உள்நோயாளியின் துணைக்குப் பாஸ் கொடுக்கிறார்கள். அந்தச் சீட்டின் பின்பக்கம் வெறுமையாகவே இருக்கிறது. சுற்றுவட்டத்தில் என்றைக்கு, எத்தனை மணிக்கு, எந்த வாசலில் சோறு கிடைக்கும், டோக்கன் உண்டா, பாத்திரம் கொண்டு போக வேண்டுமா என்பதை அங்கே அச்சடிக்கலாம். திண்டிவனத்து அக்கா ஆறு வாரம் பட்டினி கிடந்து, காவலாளியையும் பூக்காரம்மாவையும் டீக்கடைக்காரரையும் கேட்டுக் கேட்டுச் சேர்த்த அறிவு அது. ஒவ்வொருவரும் புதிதாகப் பட்டினி கிடந்துதான் அதைச் சேர்க்க வேண்டும் என்று என்ன கட்டாயம்?

பதினேழாம் நாள் அவர் கணவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். மூட்டையைக் கட்டி முடித்துவிட்டு அந்தச் சீட்டை என்னிடம் தந்தார். முன்பக்கத்தில் கணவர் பெயரும் மருந்தும் இருந்ததால், "இத நீ பாத்து எழுதிக்கினு குடுத்துடு தம்பி, அடுத்த தடவ வர்றப்ப கேப்பாங்க" என்றார். அப்பாவின் சீட்டைத் திருப்பிப்போட்டு ஏழு கிழமையையும் எழுதிக்கொண்டேன். இரண்டு நாள் கழித்து நாங்கள் கிளம்பும்போது, எதிர்க்கட்டிலில் முந்தின நாள் சேர்ந்திருந்த சிறுவனின் அம்மா அதைப் பார்த்துத் தன் மகனுடைய சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார். புதன்கிழமை வந்ததும் பேனாவை நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இதுக்கு நேரா ஒண்ணும் போடலியே?"

"விசாரிச்சிட்டுப் போட்டுக்கோங்கம்மா" என்றேன். அந்தக் கோயிலைப் பற்றி எனக்கு அப்போதும் தெரிந்திருக்கவில்லை.